மரக்கால் சுமந்த மாக்கவி

மரக்கால் என்றதும் உழவர் நினைவுக்கு வருவது நெல்லளக்கும் மரக்கால். களத்து மேட்டிலே அதைக் கொண்டு விளைச்சலை அளப்பார்கள். நாம் இங்கே காணப்போவது வேறொரு மரக்கால். ஒரு மனிதரின் உடலோடு பிணைக்கப்பட்டு, 41 ஆண்டுகள் அவரோடு நடந்து, அவர் வாழ்வையே அளந்துவிட்ட மரக்கால்!

அந்த மனிதர் வில்லியம் ஹென்றி டேவீஸ். ஆங்கிலக் கவிதை உலகில் அழியாப் பெயர். ஓடிக்கொண்டே இருக்கும் மனிதனைப் பார்த்து, நின்று நிதானித்து உலகின் அழகைக் காண உனக்கு நேரமில்லையா என்று கேட்ட கவிஞர். நிற்கச் சொன்ன அந்தக் கவிஞர் நின்றதெல்லாம் ஒற்றைக் காலில்! அழகைப் பாடிய அவரது கவிதையை அறிந்தவர் பலர். அவர் பட்ட அவதியை அறிந்தவர் சிலர். தொழிலாளத் தோழர்கள் அந்த அவதியைத்தான் முதலில் அறிய வேண்டும்.

துறைமுகத்துப் பிள்ளை

1871-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள், வேல்ஸ் நாட்டுத் துறைமுக நகரமான நியூபோர்ட்டில் டேவீஸ் பிறந்தார். தந்தை இரும்பு வார்ப்புத் தொழிலாளி. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி உருவம் கொடுத்த அந்த உழைப்பாளி, மகனுக்கு மூன்று வயதாகும்போதே மறைந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். பிள்ளையைப் பாட்டனும் பாட்டியும் வளர்த்தனர். பாட்டன் கடலோடி, பின்னாளில் மதுக்கடை நடத்தியவர்.

படிப்பில் பிள்ளையின் மனம் பதியவில்லை. பதின்மூன்றாம் வயதில், பள்ளித் தோழர்களோடு சேர்ந்து கைப்பை திருடிய வழக்கிலே சிக்கிப் பன்னிரண்டு பிரம்படி வாங்கினார். பிறகு படச்சட்டம் செய்யும் தொழிலிலே பயிற்சிக்கு விட்டார்கள். அதுவும் பிடிக்கவில்லை. பாட்டி விட்டுச் சென்ற சொத்திலிருந்து வாரம் சில ஷில்லிங் வந்தது. அதை நம்பி 1893-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அங்கே அவர் கண்டது செல்வச் சீமையல்ல. வேலையற்றோர் கூட்டம் ஊர் ஊராக அலைந்த அமெரிக்கா! அவரும் அலைந்தார். பழம் பறித்தார், கூலிக்கு உழைத்தார், பிச்சையும் எடுத்தார். குளிர்காலத்திலே மிச்சிகன் மாநிலத்துச் சிறைகளில் விரும்பியே அடைபட்டார். சிறைக்குள்ளே அடுப்பும் உணவும் இருந்தன, வெளியே பனியும் பசியும் இருந்தன! மாடுகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை பார்த்தபடி அட்லாண்டிக் கடலைப் பலமுறை கடந்தார். ரயிலுக்குக் காசு ஏது? சரக்கு வண்டி புறப்பட்டு வேகமெடுக்கும் நேரத்தில் தாவி ஏறுவதுதான் அவர் போன்றோரின் பயணம்.

தங்க ஆசையும் தண்டவாளமும்

ஒரு முறை தாயகம் திரும்பி லண்டனில் சுற்றிக்கொண்டிருந்தபோது, கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் குவிகிறது என்ற செய்தியை நாளேட்டில் கண்டார். விட்டாரா? உடனே புறப்பட்டார். ஏழையின் காதில் தங்கம் என்ற சொல் விழுந்தால், கால் தானாக நடக்கிறது. அந்தக் காலையே அது விலையாகக் கேட்டது!

1899-ஆம் ஆண்டு மார்ச் 20. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம், ரென்ப்ரூ என்ற சிற்றூர். மூன்று விரல் ஜாக் என்று அழைக்கப்பட்ட நாடோடித் தோழர் ஒருவரோடு, ஓடும் சரக்கு வண்டியில் தாவி ஏற முயன்றார் டேவீஸ். பிடி தவறியது. வலது பாதம் சக்கரத்தின் அடியில் நசுங்கியது. ஊர் மருத்துவமனையில் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 27.

அந்தச் சிற்றூர் மக்கள் முன்பின் அறியாத நாடோடிக்கு அன்பு காட்டினார்கள். அந்த அன்பைப் பின்னாளில் தம் வரலாற்றிலே நன்றியோடு எழுதி வைத்தார் டேவீஸ். புண் ஆறியது. தையல் பிரித்தார்கள். ஊன்றுகோலோடு ஊர் திரும்பினார்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் உலகம் எண்ணுகிறது. விபத்து நடந்தது, மருத்துவர் வெட்டினார், உயிர் பிழைத்தது, மனிதன் வீடு சேர்ந்தான். உண்மையில் கதை அங்கேதான் தொடங்குகிறது.

புண் ஆறிய பின்

கால் போனவருக்கு வேதனை எத்தனை வகை என்பதை இன்றைய மருத்துவம் விரிவாகச் சொல்கிறது. இல்லாத கால் வலிக்கும். இல்லாத விரல் எரியும். மாயக்கால் என்று பொருள்படும் பெயரை அந்த உணர்வுக்கு இட்டவர் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல். உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களிடம் அதைக் கண்ட அவர், டேவீஸ் பிறந்த அதே 1871-இல்தான் அந்தப் பெயரோடு கட்டுரை வெளியிட்டார். அடுத்தது, வெட்டிய முனை. செயற்கைக் காலில் உரசி உரசித் தோல் புண்ணாகும். மிஞ்சிய காலுக்கோ இரட்டைப் பளு. அதன் முழங்கால் மூட்டு விரைவில் தேயும். நடை கோணுவதால் முதுகு வலிக்கும்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. அதுதான் உழைப்பு. நல்ல செயற்கைக் கால் பொருத்திக்கொண்டாலும், முழங்காலுக்குக் கீழே இழந்தவர் ஒரே தூரத்தை நடக்க, மற்றவரைவிட ஏறக்குறைய 25 சதவிகிதம் கூடுதல் சக்தியைச் செலவிட வேண்டியிருக்கிறது. முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது 60 சதவிகிதத்தையும் தாண்டுகிறது. இது இன்றைய காலின் கணக்கு. டேவீசின் மரக்கால் எப்படிப்பட்டது? கணுக்கால் இல்லை, வளைவு இல்லை, துள்ளல் இல்லை. ஒவ்வொரு எட்டிலும் இடுப்பைத் தூக்கி இழுத்துப் போட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஆயிரம் முறை மட்டும் அந்தக் கட்டையைத் தூக்கி வைத்தார் என்று கொள்வோம். நாற்பத்தோரு ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி முறை! டேவீசோ ஆயிரத்தோடு நிற்பவர் அல்லர். நடந்தே வாழ்ந்தவர் அவர்.

தூங்குவதுபோல் நடித்த கவிஞர்

லண்டனில் அவருக்கு வீடு இல்லை. இரவுக்குச் சில காசு கொடுத்துத் தங்கும் ஏழை விடுதிகளே வீடு. சவுத்வார்க் பகுதியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய விடுதியிலும் இருந்தார். அந்த இடத்தை அவர் அறவே வெறுத்தார். நூறு பேர் நெருக்கும் கூடத்தில், மூலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று மற்றவர் நினைப்பர். அவரோ உள்ளத்துக்குள் கவிதை கட்டிக்கொண்டிருப்பார். எழுதுவது தெரிந்தால் கூட இருக்கும் நாடோடிகள் ஏளனம் செய்வார்களே என்ற அச்சம்! தனிமை கிடைத்தபோது தாளில் எழுதுவார்.

கடன் வாங்கிக் கவிதைகளைத் தனித் தாள்களாக அச்சிட்டார். மரக்காலை இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வாங்குவோர் இல்லை. விடுதிக்குத் திரும்பி அத்தனை தாள்களையும் ஆத்திரத்தோடு நெருப்பில் போட்டார்.

அடுத்தும் முயன்றார். புத்தகம் அச்சிடப் பணம் வேண்டும். பாட்டி சொத்திலிருந்து வரும் வாரப் பணத்தை ஆறு மாதம் தொடாமல் விட்டால், அதைக்கொண்டு கடன் கிடைக்கும். ஆறு மாதம் எதைத் தின்பது? பையில் கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு, மரக்காலோடு, நாட்டுப்புறச் சாலைகளிலே நாடோடியாக அலைந்தார். தம் பட்டினியை முதலாக வைத்து 1905-இல் முதல் கவிதை நூலை வெளியிட்டார். நூலின் பெயர் ‘ஆன்மாவை அழிப்பவன்’. பிரமுகர் பட்டியலைப் பார்த்து, பணம் படைத்தவர்களுக்கு ஒவ்வொரு படியாக அஞ்சலில் அனுப்பினார். பிடித்தால் அரைக் கிரவுன் அனுப்புங்கள், இல்லையேல் நூலைத் திருப்புங்கள் என்று வேண்டினார். அப்படி விற்றவை அறுபது படிகளே. ஆனால் அவற்றுள் ஒன்று பெர்னார்ட் ஷாவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

தச்சர் செய்த கால்

அந்த நாளில் ஏழைக்குச் செயற்கைக் கால் எப்படிக் கிடைத்தது? சட்டம் உண்டா? 1897-இல் பிரிட்டனில் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் வந்திருந்தது. அது வேலையில் இருந்து அடிபட்டவனுக்கு. வேலை தேடி அலைந்து அடிபட்டவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. இருந்தவை அறச்சங்கங்கள். அங்கே சந்தா கட்டும் செல்வர்கள் கையில் பரிந்துரைக் கடிதங்கள் இருக்கும். கால் இல்லாதவர் படியேறிப் படியேறி அந்தக் கடிதங்களைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கால் கிடைக்கும். நடக்க முடியாதவனை நடக்கவிட்டு, அதன் பிறகு கால் கொடுத்த அறம் அது!

டேவீசுக்குக் கைகொடுத்தது நட்பு. எட்வர்ட் தாமஸ் என்ற இலக்கிய விமர்சகர் 1905-இல் அவரைச் சந்தித்தார். தாமசும் செல்வர் அல்லர். குடும்பத்தைக் காக்க இரவு பகலாக நூல் விமர்சனம் எழுதிப் பிழைத்தவர். ஆயினும் செவனோக்ஸ் அருகே, தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இரண்டே அறை கொண்ட குடிசை ஒன்றை டேவீசுக்காக வாடகைக்கு எடுத்தார். 1907 பிப்ரவரியில் டேவீஸ் அங்கே குடியேறினார்.

அங்கே மாற்றுக்கால் தேவைப்பட்டது. கால் செய்யும் கைவினைஞர் அந்தக் கிராமத்தில் ஏது? வண்டிச் சக்கரம் செய்யும் தச்சரிடம் சொல்லி, தற்காலிகமாக ஒரு கட்டைக் கால் செய்யச் சொன்னார் தாமஸ். சக்கரத்தால் போன காலுக்குச் சக்கரம் செய்பவர் கால் செய்தார்! கணக்குச் சீட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? மரக்கால் என்று எழுதவில்லை. புது மாதிரி கிரிக்கெட் மட்டை என்று எழுதினார்கள். நண்பர்களுக்குள் விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டுக்குள்ளே ஒரு பண்பு இருந்தது. உறுப்பிழந்தவரின் தன்மானத்தைத் தொடாமல் உதவும் பண்பு அது.

அங்கிருந்துதான் எழுச்சி. 1908-இல், ஷாவின் முன்னுரையோடு டேவீசின் தன்வரலாறு வந்தது. பெருநாடோடி ஒருவனின் வாழ்க்கை என்று பொருள்படும் தலைப்பு. நாடே படித்தது. 1911-இல் அரசு ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை வழங்கியது. பின்னர் அதை உயர்த்தியது. வேல்ஸ் பல்கலைக் கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் தந்தது. கவிதைக்குப் பணம் வந்தது, பட்டம் வந்தது. காலுக்கு எதுவும் வரவில்லை. கவிஞராகாமல் போயிருந்தால் டேவீஸ் என்னவாகியிருப்பார்? அவரோடு அதே விடுதியில் படுத்திருந்த, கவிதை எழுதத் தெரியாத கால் போனவர்கள் என்னவானார்களோ, அதுதான் ஆகியிருப்பார்!

போர் கற்பித்த பாடம்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டனில் மட்டும் 41,000-க்கு மேற்பட்ட வீரர்கள் கையோ காலோ இழந்தனர். இத்தனை பேரைத் தெருவில் விட அரசுக்குத் துணிவில்லை. 1915-இல் லண்டனுக்கு அருகே ரோஹாம்ப்டனில், உறுப்பிழந்த வீரர்களுக்கென்றே மருத்துவமனை திறந்தார்கள். செயற்கை உறுப்பை அளவெடுத்துப் பொருத்தினார்கள். அதைக்கொண்டு நடக்கப் பயிற்சி தந்தார்கள். பிழைப்புக்குத் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். மறுவாழ்வு என்றால் இன்னது என்று அங்கே உலகம் கண்டது. எட்வர்ட் தாமசோ 1917-இல் அராஸ் போர்க்களத்தில் மாண்டார். டேவீசுக்குக் கால் தேடிக்கொடுத்த கை ஓய்ந்தது.

காலின் எடையைக் குறைக்க வழியும் பிறந்திருந்தது. 1913-இல் விமான விபத்திலே காலை இழந்தார் மார்செல் டிசவுட்டர் என்ற விமானி. அவருடைய தம்பி சார்லஸ் விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் கலவையிலேயே கால் செய்து கொடுத்தார். அதன் எடை வழக்கமான மரக்காலில் ஏறக்குறையப் பாதி! அதைப் பூட்டிக்கொண்டு அந்த விமானி மீண்டும் பறந்தார்.

ஆகவே, அறிவு இல்லாமல் போகவில்லை. ஆற்றல் இல்லாமல் போகவில்லை. கால் இழந்தவனுக்கு என்ன வேண்டும் என்பது 1920-க்குள்ளேயே தெரிந்துவிட்டது. போரில் இழந்தவனைத் தேசம் தேடிவந்தது. பிழைப்பைத் தேடித் தண்டவாளத்தில் இழந்தவனைத் தேடி யாரும் வரவில்லை. டேவீஸ் கட்டையோடுதான் நடந்தார்.

இதயத்தில் விழுந்த பளு

1923-இல் டேவீஸ் ஹெலன் என்ற இளம்பெண்ணை மணந்தார். நெயில்ஸ்வர்த் என்ற சிற்றூரில், பறவையும் பூவும் சூழ்ந்த வாழ்வு. புகழ் இருந்தது, துணை இருந்தது, வயிற்றுக்குச் சோறு இருந்தது. ஒரு காலத்தில் லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையோரம், பாராளுமன்றக் கட்டடத்திலிருந்து செல்சி வரை நண்பர்களோடு களிப்போடு நடந்தவர் அவர்.

1938 செப்டம்பரில் நியூபோர்ட் நகரம் தன் பிள்ளைக்கு விழா எடுத்தது. அவர் வளர்ந்த வீட்டில் நினைவுப் பலகை பதித்தார்கள். அரசவைக் கவிஞர் மேஸ்பீல்டு வந்து பேசினார். டேவீஸ் உடல் நலிந்தே வந்திருந்தார். அதுவே அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி.

1940-இல், அவர் மறைவதற்கு ஏறக்குறைய மூன்று திங்களுக்கு முன், எழுத்தாளர் ஆஸ்பர்ட் சிட்வெல் முதலான நண்பர்கள் வீட்டுக்கே வந்து பார்த்தனர். விருந்துக்குப் போகும் நிலையில் டேவீஸ் இல்லை. காலை இழந்த அந்த விபத்தைத் தவிர வேறெதற்கும் தாம் நோயாகப் படுத்ததே இல்லையே என்று வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தார் அவர். ஹெலன் சிட்வெல்லைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னார். இதயம் அஞ்சத்தக்க அளவுக்குப் பலவீனமடைந்துவிட்டது. காலமெல்லாம் இழுத்து நடந்த மரக்காலின் பளுவே காரணம் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். இதைக் கணவருக்கு முழுதும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார் அந்த அம்மையார்.

விபத்தைத் தவிர வேறு நோய் அறியேன் என்றார் கவிஞர். அந்த விபத்தேதான் நாற்பதாண்டுக்குப் பின் நோயாகத் திரும்பி வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது! 1940 செப்டம்பர் 26-ஆம் நாள், 69-ஆம் வயதில், டேவீஸ் மறைந்தார்.

மருத்துவர் அன்று மரக்காலின் எடையைச் சொன்னார்கள். இன்றைய மருத்துவம் அதோடு நிற்காது. இரண்டாம் உலகப் போரில் காலை இழந்த அமெரிக்க வீரர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, முழங்கால் மட்டத்திலோ அதற்கு மேலோ காலை இழந்தவர்களிடையே இதய நோய்ச் சாவு மற்றக் காயம் பட்டவர்களைவிட அதிகம் என்று கண்டனர். இரத்த ஓட்டத்தில் வரும் மாற்றம், நடமாட்டம் குறைவதால் ஏறும் உடல் எடை, சர்க்கரையைக் கையாளும் திறனில் வரும் கோளாறு, மன அழுத்தம் ஆகியவை அதற்குக் காரணமாகலாம் என்பது அறிஞர் கருத்து. காரணம் பல; பாடம் ஒன்று. காலை வெட்டிய காயம் காலோடு முடிவதில்லை. அது மெல்ல மெல்ல முதுகுக்கும், மறு மூட்டுக்கும், இறுதியில் மார்புக்கும் ஏறுகிறது.

நாம் கொள்ள வேண்டியது

தோழர்களே! ஆலையிலோ தண்டவாளத்திலோ சாலையிலோ ஒரு தொழிலாளி காலை இழந்தால், நாம் என்ன கேட்கிறோம்? நட்ட ஈடு கேட்கிறோம். அது வாங்க வேண்டியதுதான், வாதாடி வாங்க வேண்டியதுதான். ஆனால் ஒருமுறை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடும் தொகை அது. டேவீசின் வாழ்வு நமக்குச் சொல்வது, அந்தக் கணக்கு முடியாது என்பதை.

எடை குறைந்த நல்ல கால் வேண்டும். அது தேயும்போது மாற்றுக்கால் வேண்டும். செயற்கைக் கால் ஆயுளுக்கும் உழைக்கும் பொருளல்ல. வெட்டிய முனை மெலியும், தடிக்கும்; அதற்கேற்ப உறையைத் திருத்த வேண்டும். நடை பழக்குபவர் வேண்டும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பார்க்கும் மருத்துவர் வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலையாயினும், மானத்தோடு செய்யும் வேலை வேண்டும். இவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் கோரிக்கை முழுமையாகும்.

எட்வர்ட் தாமஸ் போன்ற நண்பர் வாய்த்தது டேவீசின் பேறு. எல்லாருக்கும் அப்படி ஒரு நண்பர் வாய்ப்பாரா? வாய்க்காதவர்க்கும் கால் கிடைக்க வேண்டும் என்றால், நண்பர் செய்ததைச் சமுதாயம் கடமையாக ஏற்க வேண்டும். கடிதம் சேர்க்க விடாமல், படியேற விடாமல், கவிதை எழுதத் தெரியுமா என்று கேட்காமல் கொடுக்க வேண்டும். கால் இழந்த ஒவ்வொரு தோழனுக்கும் அது உரிமை.